நான்கு மதிப்பெண் 'கருக்கு'

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு ஒரு தங்கை அழைத்தாள்.

"அக்கா, 'கருக்கு'வ இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தது யாருக்கா? நாலு பேரு குடுத்திருக்கான். ஒருத்தரையும் தெரியல."

லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் என்றேன். குறித்துக்கொண்டாள். புத்தகத்தைப் படிச்சிருக்கியா என்று கேட்டேன்.

"இல்லக்கா. கைடுல ரெண்டு வரி இருக்கு. பாமா, 1992, தலித் தன்வரலாறு. அது போதும்ல?"

தேர்வுக்கு அது போதும். அன்றிரவு நான் தூங்காததற்கும் அதுதான் காரணம்.

அவள் விழுப்புரம் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கியிருக்கிறாள். ஊர்த்தெருவில் நடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட பாட்டியின் பேத்தி. 'கருக்கு'வில் ஒரு காட்சி உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார். பார்க்கும் சிறுமி முதலில் சிரிப்பாள். ஏன் அப்படித் தூக்குகிறார் என்று அண்ணன் சொன்னபிறகு அந்தச் சிரிப்பு போய்விடும். அந்தக் காட்சியை விளக்க இந்தத் தங்கைக்குப் பேராசிரியர் தேவையில்லை. ஆனால் அவளுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவே நான்கு விருப்பத் தெரிவுகள் வந்து நிற்கின்றன.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்க இப்போது 'க்யூட்' முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2022-இல் தொடங்கியது. கணினி முன் உட்கார்ந்து 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 கழிப்பார்கள். டெல்லிக்கோ ஹைதராபாத்துக்கோ போகிறவர்கள் எழுதுகிற தேர்வு என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். 2009-இல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் திருவாரூரில்தான் இருக்கிறது. விழுப்புரத்துப் பெண் திருவாரூரில் எம்.ஏ. படிக்க வேண்டுமென்றாலும் இதே தேர்வுதான்.

இந்தத் தேர்வுக்கு முந்தைய காலத்தில், பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக நுழைவுத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தபோது எழுதி உள்ளே போனவள் நான். இப்போது ஞாயிறுதோறும் கூகுள் மீட்டில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லித் தருகிறேன்.

எங்கள் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள். நானே சிரித்திருக்கிறேன், பிறகு அதற்காக வெட்கப்பட்டும் இருக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தை ஐயா தமிழில் கதையாகச் சொல்வார். அருமையாகச் சொல்வார். மூன்று சூனியக்காரிகள் வரும் இடத்தில் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு தேர்வுக்குக் கடை நோட்ஸ். கீட்ஸ் பற்றிய கட்டுரையை அறுபது பேரும் ஒரே மாதிரி எழுதினோம், எழுத்துப்பிழை உட்பட. மூன்று ஆண்டு முடிந்தபோது மூல நூலில் ஒரு பக்கத்தைக்கூட நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. அந்த ஐயா கௌரவ விரிவுரையாளர். ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான் சம்பளம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 'மேக்பெத்' இன்றுவரை எனக்கு அவர் குரலில்தான் கேட்கிறது.

நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருப்பதையே விடுதியில் பழைய மாணவி ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூர் மார்க்கெட்டில் மூன்று பழைய புத்தகம் வாங்கினேன். ஹட்சனின் இலக்கிய வரலாறு, ஆப்ரம்ஸின் கலைச்சொல் அகராதி, பீட்டர் பாரியின் கோட்பாட்டு அறிமுகம். முதல் வாரம் ஒரு பக்கத்துக்கு நாற்பது சொல்லுக்கு அகராதி பார்த்தேன். இரண்டாவது வாரம் அழுதேன். மூன்றாவது வாரத்தில்தான் ஒன்று பிடிபட்டது.

மில்டனின் 'இழந்த சொர்க்கம்' பற்றிய பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் பதிப்பு 1667, பத்துப் பகுதிகள். 1674-இல் அதுவே பன்னிரண்டாகப் பிரிக்கப்பட்டது. இது கைடு. ஆனால் கதை? கதை எனக்கு முன்பே தெரியும். என் சித்தி வீடு கிறித்தவ வீடு. பள்ளி விடுமுறையில் அங்கே போனால் மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளோடு என்னையும் உட்கார வைப்பார்கள். (அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. அது தனியாக எழுத வேண்டிய கதை.) லூசிபர் விழுந்தது, ஏவாள் கனி தின்றது, யோபுவின் புண், ஊதாரி மைந்தன் எல்லாம் சேரி மாதா கோயிலில் பாயில் உட்கார்ந்து கேட்டவை. ஆங்கில இலக்கியத்தில் பாதி இந்தக் கதைகளின் மேல்தான் நிற்கிறது என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இது என்னிடம் இருந்திருக்கிறது. இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லை.

பிரெக்ட்டும் அப்படித்தான். பார்வையாளரைக் கதைக்குள் கரைந்துபோக விடாமல் விலக்கி நிறுத்தும் உத்தியைப் பற்றி இரண்டு பக்கம் படித்தும் புரியவில்லை. பிறகு எங்கள் ஊர்த் தெருக்கூத்தின் கட்டியங்காரன் நினைவுக்கு வந்தான். துரியோதனன் கொலுவிலிருக்கும்போது நடுவில் புகுந்து ராஜாவையே கிண்டலடித்துவிட்டு, முன்வரிசையில் தூங்குகிற பெரியவரையும் எழுப்பிவிட்டுப் போவானே, அவன்தான். பிரெக்ட்டே இந்த யோசனைக்கு 1935-இல் மாஸ்கோவில் பார்த்த சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்புக்குக் கடன்பட்டவர். அவர் சீனத்தைப் பார்த்துக் கற்றால் அது கோட்பாடு. நான் கட்டியங்காரனைச் சொன்னால் "உதாரணம் நல்லாயிருக்கு" என்பார்கள்.

அதனால் என் ஞாயிறு வகுப்பில் காலவரிசை அட்டவணையில் தொடங்குவதில்லை. "உனக்கு எந்தக் கதை தெரியும்" என்று கேட்டுத் தொடங்குகிறேன். அட்டவணை பிறகு வரும். வந்துதான் ஆக வேண்டும். 1798 என்றால் 'லிரிகல் பாலட்ஸ்', 1922 என்றால் எலியட்டின் 'பாழ்நிலம்', ஜாய்ஸின் 'யுலிசிஸ்' என்று தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். அதை மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதைக் கேலி செய்கிறவர்கள் வீட்டில் இந்தப் பெயர்கள் சாப்பாட்டு மேசையிலேயே புழங்கியிருக்கும். அவர்களும் மனப்பாடம்தான் செய்திருக்கிறார்கள். சின்ன வயதில் செய்துவிட்டதால் அது மனப்பாடம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலப் பேராசிரியர்கள் பலர் இந்தக் கொள்குறித் தேர்வை வெறுக்கிறார்கள். இலக்கியத்தைக் கொல்கிறது என்கிறார்கள். உண்மை. ஒரு கவிதையைப் படித்து என்ன நினைக்கிறாய் என்று கேட்காமல், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, யார் மொழிபெயர்ப்பு என்று கேட்கும் தேர்வு அது. பாமாவை நான்கு மதிப்பெண்ணாக்கும் தேர்வு. ஆனால் இந்தப் புலம்பலை நான் முழுதாக நம்புவதில்லை. "அந்தக் காலத்தில் ஒரு பத்தி படித்தாலே நல்ல மாணவரைக் கண்டுபிடித்துவிடுவோம்" என்று ஒரு பேராசிரியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்தப் பத்தியை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? கான்வென்ட்டில் பன்னிரண்டு ஆண்டு செதுக்கிய பத்தியையா, கடை நோட்ஸிலிருந்து தப்பி வந்தவளின் முதல் பத்தியையா?

கணினிக்கு என் பெயரின் பின்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியாது. என் உச்சரிப்பு அதன் காதில் விழாது. இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, அனுபவமாகச் சொல்கிறேன். எம்.ஏ. முடித்து ஆய்வுப் படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வில் முன்வரிசையில் வந்தேன். நேர்முகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அயர்லாந்துக் கவிஞரைப் பற்றிப் பேசும்போது கீட்ஸைப் போலவே அவர் பெயரையும் 'யீட்ஸ்' என்று சொல்லிவிட்டேன். அது 'யேட்ஸ்'. ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அதன்பிறகு கவிதையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. எந்தப் பள்ளி, அப்பா என்ன செய்கிறார், ஏன் ஆங்கிலம், ஏன் தமிழ் படிக்கவில்லை. 30-க்கு 7 போட்டார்கள். ஒரே எழுத்துச் சேர்க்கை இரண்டு பெயரில் இரண்டு விதமாக ஒலிக்கும் என்பதை நான் எங்கே கேட்டிருப்பேன்? நான் படித்துத் தெரிந்துகொண்ட பெயர்கள் அவை, யாரும் சொல்லிக் கேட்டவை அல்ல.

இது என் ஒருத்தியின் புலம்பல் என்றால் விட்டுவிடலாம். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே தலைமையிலான குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கு நேர்முகத்தில் பாகுபாடு நடக்கும் போக்கு தெரிகிறது என்று 2016-இல் அறிக்கை கொடுத்தது. நேர்முகத்தின் மதிப்பெண்ணை 30-லிருந்து 15-ஆகக் குறைக்கச் சொன்னது. நடந்தது என்ன? அதே 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய விதி வந்தது. எழுத்துத் தேர்வு வெறும் தகுதித் தேர்வு, மற்றதை நேர்முகம் தீர்மானிக்கும் என்றானது. 15 கேட்ட இடத்தில் 100 கொடுத்தார்கள். சேலத்திலிருந்து போன நம் முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச்சில் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் முகநூலில் கடைசியாக எழுதியதும் ஆய்வுப் படிப்புச் சேர்க்கையிலும் நேர்முகத்திலும் சமத்துவம் இல்லை என்றுதான். பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்துவந்த கூடுதல் மதிப்பெண்ணும் அதே 2017-இல் ஆய்வுப் படிப்புகளுக்கு நிறுத்தப்பட்டது.

போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் பிறகு எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று 2018-இல் இறங்கி வந்தார்கள். இப்போது நெட் மதிப்பெண்ணை வைத்து முனைவர் பட்டச் சேர்க்கை. அதிலும் ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்கு 70-க்கு 30. ஜே.ஆர்.எஃப். வாங்கியவர்களுக்கு நேர்முகம் மட்டும். அதிக மதிப்பெண் வாங்கி உள்ளே வருகிற நம் பிள்ளைதான் அந்த ஐந்து பேரின் புன்னகைக்கு முழுதாகக் கையளிக்கப்படுகிறாள். இலக்கியத்துக்கு எது நல்ல தேர்வு என்று விவாதிக்கிற நண்பர்கள் இதையும் சேர்த்து விவாதிக்க வேண்டும். நேர்முகத்தை ஒளிப்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு அதை வெளியிடட்டும். எழுத்தில் முன்னால் நின்றவர் நேர்முகத்தில் சரிந்தால் காரணத்தை எழுதி வையுங்கள். அதைச் செய்யும்வரை, இலக்கியம் தெரியாத கணினியே எனக்கு ஒரு படி மேல்.

இன்னொரு கேள்வி நம் தோழர்களிடமிருந்தே வரும். எதற்கு ஆங்கிலம், எதற்கு அவர்கள் பல்கலைக்கழகம்? சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்ட அம்பேத்கருக்குப் பள்ளியில் அதை மறுத்துப் பாரசீகம் கொடுத்தார்கள். 1913-இல் அவர் கொலம்பியாவுக்குப் போனார். பிறகு அவர் எழுதியவற்றில் உலகம் படிக்கிற பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. எந்த மொழியை யார் படிக்கலாம் என்று நமக்கு அடுத்தவர் சொல்லி நிறைய ஆகிவிட்டது. உத்தரப்பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010-இல் ஆங்கிலத்துக்கு ஒரு தெய்வமாகவே கோயில் கட்டத் தொடங்கினார்கள். எனக்கு அந்த அளவு பக்தி கிடையாது. ஆனால் அதை எள்ளிச் சிரிக்கிற கட்டுரைகளை ஆங்கிலத்தில் எழுதியவர்களைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

நாம் உள்ளே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் பி.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்தின் பெண் எழுத்துத் தாளிலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யும் போனது. துறை ஆசிரியர்களே எதிர்த்தார்கள், எடுபடவில்லை. நுழைவுத் தேர்வில் மொழிபெயர்ப்பாளர் பெயராக பாமா இருக்கலாம், வகுப்பறையில் புத்தகமாக இருக்கக் கூடாது.

தமிழ்நாடு நுழைவுத் தேர்வுகளை எதிர்க்கிறது. 2022 ஏப்ரலில் க்யூட் தேர்வுக்கு எதிராகச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது. அந்த எதிர்ப்பில் நானும் இருக்கிறேன். ஆனால் நம் எதிர்ப்புக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. எதிர்க்கிறோம் என்பதாலேயே அதைப் பற்றிப் பேசுவதில்லை, சொல்லித் தருவதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை எதிர்ப்புத் தீர்மானத்தையும் ஆதரித்துவிட்டு, தனிப்பயிற்சிக்கும் பணம் கட்டிவிட்டு, தேர்வையும் எழுதிவிட்டு டெல்லி ரயிலில் ஏறிவிடும். விடுதியில் இருக்கிற பெண்ணுக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதி முடிந்தபிறகுதான் அப்படி ஒரு தேர்வு இருந்ததே தெரியும். அரசு கலைக் கல்லூரிகளில், ஆதிதிராவிடர் நல விடுதிகளில், இதற்கென்று ஒரு ஆசிரியர், ஒரு அலமாரிப் புத்தகம், விண்ணப்பக் கட்டணம் கட்ட ஒரு சிறு நிதி. பட்டியல் சாதி மாணவருக்கே கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. குடிமைப் பணித் தேர்வுக்கு 'நான் முதல்வன்' வழியாக மாதம் 7,500 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்க முடிகிற அரசுக்கு இது முடியாததல்ல. கேட்கத்தான் ஆளில்லை. நம் ஊர்களில் அம்பேத்கர் இரவுப் பாடசாலை நடத்துகிற தோழர்கள் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். இளங்கலை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் ஒரு பெஞ்ச் போடுங்கள்.

இனி தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு, கட்டுரையில் வராத ஒரு விஷயம். அந்தத் தங்கையின் மாதிரித் தேர்வுத் தாளைப் பார்த்தேன். 75-இல் 19 கேள்விகளைத் தொடாமல் விட்டிருந்தாள். கேட்டால், "தப்பாப் போனா மார்க்கு போயிடும்ல." நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு தெரிவில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் நான்கில் ஒரு முறை 4 கிடைக்கும், மூன்று முறை 1 போகும். நான்கு கேள்விக்கு மொத்தத்தில் 1 மிச்சம். பொருந்தாத இரண்டைத் தள்ளிவிட்டுத் தொட்டால் இரண்டு கேள்விக்கு 3 மிச்சம். விட்டுவிட்டால் பூஜ்யம். என் வகுப்பில் இருக்கும் ஏழெட்டுப் பேரும் இப்படி விட்டுவிடுகிறவர்கள்தான். தவறினால் மற்றவர்களைவிட நமக்கு அதிகம் கழிப்பார்கள் என்று பழகிப்போன கை. அந்தத் தேர்வில் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான் கழிப்பார்கள்.

போன வாரம் 'கருக்கு'வை அவளுக்கு அஞ்சலில் அனுப்பினேன். தேர்வு முடியட்டும், பிறகு படி என்று சொல்லித்தான் அனுப்பினேன். இரண்டு நாளில் அழைத்தாள்.

"படிச்சுட்டேன்க்கா. அந்த வடை கட்டத்த பாட்டிக்குப் படிச்சுக் காட்டுனேன். 'இதப் போயி புக்கா போட்டிருக்காங்களா'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"இதுக்கு நாலு மார்க்கு ஆயான்னேன். சிரிக்கல அது."